நம் பிள்ளை மக்கு அல்ல!



ஓணப் பரீட்சைத் தாள்களைப் பள்ளிகளில் திருப்பிக் கொடுத்த வாரம் அது. ஞாயிற்றுக்கிழமை மாலை நம் படிப்பகத்தில் செய்தித்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு தாய் தம் மகனைக் கையைப் பிடித்து இழுத்தபடி உள்ளே வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். கணவர் கட்டட வேலையில் கம்பி கட்டுகிறார். இவர் கரமனையில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார். பையனுக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு வரை ஊரில் தமிழில் படித்தவன். ஆறாம் வகுப்பிலிருந்து இங்கே மலையாளப் பள்ளி.

“அண்ணாச்சி, இவன ஏதாவது ஒரு கடையில சேத்துவிடுங்க. இவனுக்குப் படிப்பு ஏறாது. பள்ளிக்கூடத்துலயே மண்டன்னு சொல்லிட்டாங்க. நானும் அடிச்சுப் பாத்துட்டேன், அழுதும் பாத்துட்டேன்” என்றார்.

பையன் தலையை நிமிர்த்தவே இல்லை. கையில் சுருட்டி வைத்திருந்த கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தேன். நான் ஆசிரியன் அல்லன். சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதிக் காலம் கழித்தவன். எண்களைப் பார்த்தால் எங்கே தப்பு என்று தேடுவது என் பழக்கம். ஒரு கேள்வியில் கண் நின்றது. மலையாளத்தில் இருந்த அந்தக் கேள்வியை நம் எழுத்தில் எழுதினால் இப்படி வரும்: “ஒரு சதுரத்தின்றெ சுற்றளவு 26 சென்டிமீட்டர். நீளம் வீதியேக்காள் 3 சென்டிமீட்டர் கூடுதல். பரப்பளவு எத்ர?”

பையன் 26ஐ நான்கால் வகுத்து 6.5 என்று எழுதியிருந்தான். அதை அதனாலேயே பெருக்கி 42.25 என்று விடை போட்டிருந்தான். குறுக்கே சிவப்பு மை. மதிப்பெண் சுழி.

தோழர்களே, அவன் வகுத்ததில் பிழை இல்லை, பெருக்கியதிலும் பிழை இல்லை. பிழை வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் சதுரம் என்றால் நான்கு பக்கமும் சமம். கேரளப் பாடப்புத்தகத்தில் ‘சதுரம்’ என்றால் நம் செவ்வகம். நம் சதுரத்துக்கு அங்கே ‘சமசதுரம்’ என்று பெயர். தமிழில் வீதி என்றால் தெரு. மலையாளத்தில் ‘வீதி’ என்றால் அகலம். சதுரத்தின் நீளம் வீதியைவிட 3 சென்டிமீட்டர் கூடுதல் என்று படித்த பிள்ளை என்ன நினைத்திருப்பான்? தெருவுக்கும் சதுரத்துக்கும் என்ன தொடர்பு என்று விழித்திருப்பான். அந்த வரியை விட்டுவிட்டு, தெரிந்ததைக் கொண்டு கணக்கை முடித்திருக்கிறான்.

“தம்பி, ஒரு செவ்வகம். சுற்றளவு 26. நீளம் அகலத்தைவிட 3 கூட. பரப்பளவு என்ன?” என்று தமிழில் கேட்டேன். தாளைக் கேட்கவில்லை, பேனாவைக் கேட்கவில்லை. கூரையைப் பார்த்தான். “அகலம் 5, நீளம் 8, பரப்பளவு 40, மாமா” என்றான்.

அந்தத் தாய் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

இந்தப் பிள்ளையையா கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ப்பது? இவனையா மக்கு என்பது? நம் குடும்பங்களில் எத்தனை பிள்ளைகள் இப்படிச் சொல்லத் தெரியாமல் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்? அதைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

தெருவில் பேசும் மொழியும் வகுப்பில் எழுதும் மொழியும்

“இவன் மலையாளம் பொரிஞ்சு தள்ளுறானே, பின்ன எப்படிப் பாடம் புரியாமப் போகும்?” என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். ஆசிரியர்களும் இதையே நினைக்கிறார்கள். பையன் மைதானத்தில் மலையாளத்தில் சண்டை போடுகிறான், கடையில் பேரம் பேசுகிறான். ஆகவே மொழி தெரியும், படிக்க மனமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இந்த முடிவு தவறு என்பது உலகம் அறிந்த செய்தி. கனடா நாட்டின் டொரான்டோ நகரில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றி ஜிம் கம்மின்ஸ் என்னும் கல்வியறிஞர் 1981இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். புதிய நாட்டின் மொழியில் சரளமாகப் பேசப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 2 ஆண்டுகள் போதும். ஆனால் அந்த மொழியில் பாடம் படித்து, எழுதி, அங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சமமாக வர 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். இதுதான் அவர் கண்டது.

இந்தக் கணக்கை நம் பிள்ளைமேல் வைத்துப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் வந்தவன் எட்டாம் வகுப்பில் நன்றாகப் பேசுவான். எழுத்தில் சமமாக வரப் பதினொன்றாம் வகுப்போ, அதற்கு மேலோ ஆகலாம். இடையில் எஸ்.எஸ்.எல்.சி. வந்துவிடுகிறது. ஓடக் கற்றுக்கொண்டிருக்கும்போதே பந்தயத்தில் நிறுத்திவிட்டு, தோற்றவனை நொண்டி என்கிறோம்.

அவன் சுமக்கும் சுமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தமிழில் ‘க’ ஒன்றுதான், மலையாளத்தில் அதற்கு நான்கு எழுத்துகள். டீச்சர் சொல்வதைக் கேட்டு எழுதும்போது எந்த ‘க’ என்று யோசிப்பதற்குள் அடுத்த வரி போய்விடுகிறது. அறிவியலில் நாம் விசை என்பது அங்கே ‘பலம்’. முடுக்கம் என்பது ‘த்வரணம்’. தனிமம் ‘மூலகம்’, சேர்மம் ‘சம்யுக்தம்’, கரைசல் ‘லாயனி’. மலையாளப் பிள்ளைக்கு இவற்றில் பாதி வீட்டிலும் செய்தித்தாளிலும் காதில் விழுந்த சொற்கள். நம் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் புதிது.

ஆனால் இதே கம்மின்ஸ் நமக்கு நம்பிக்கை தரும் இன்னொன்றையும் எடுத்துக்காட்டினார். தாய்மொழியில் ஒரு கருத்தைப் புரிந்துகொண்ட பிள்ளை, மற்ற மொழியில் அதை மறுபடியும் அடியிலிருந்து கற்க வேண்டியதில்லை, அதற்கான சொல்லைக் கற்றால் போதும். நம் பையன் செவ்வகத்தைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. இங்கே அதற்குச் ‘சதுரம்’ என்று பெயர் என்பதை மட்டும் ஒருவர் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளில் அதை ஒருவரும் சொல்லவில்லை.

முப்பது விழுக்காடும் பங்குனி உத்திரமும்

இப்போது ஏன் இதை அவசரமாகப் பேசுகிறேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 30 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்று கேரள அரசு 2024இல் முடிவு செய்தது. 2024-25இல் எட்டாம் வகுப்பு, 2025-26இல் ஒன்பதாம் வகுப்பு, 2026-27இல் பத்தாம் வகுப்பு என்று படிப்படியாகக் கொண்டுவருவது திட்டம். 80 மதிப்பெண் தாள் என்றால் 24, 40 மதிப்பெண் தாள் என்றால் 12. அதற்குக் கீழே போன பிள்ளைக்குச் சிறப்பு வகுப்பு நடத்தி மறுதேர்வு வைப்பார்கள்.

இந்த விதியை நான் எதிர்க்கவில்லை. எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு மேல் வகுப்புக்குத் தள்ளிவிட்டதில், ஒன்றும் புரியாமல் பத்தாம் வகுப்பு வரை வந்து நின்றவர்கள் ஏழைப் பிள்ளைகள்தான். யார் பின்தங்கியிருக்கிறார் என்று பள்ளி எண்ணிப் பார்க்கட்டும். ஆனால் எண்ணிப் பார்த்தபின் என்ன செய்கிறது என்பதே கேள்வி.

2025இல் அந்தச் சிறப்பு வகுப்புகள் ஏப்ரல் மாதத்தில், கோடை விடுமுறையில் நடந்தன. மறுதேர்வும் அம்மாத இறுதியில் முடிந்துவிட்டது. அந்த ஏப்ரலில் நாம் எங்கே இருந்தோம்? 2025இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11. சாஸ்தா கோயிலுக்குப் பொங்கலிட ஊருக்குப் போனவர்கள் எத்தனை பேர்? அப்படியே சித்திரைக் கொடையையும் பார்த்துவிட்டு வருவோம் என்று தங்கியவர்கள் எத்தனை பேர்? பள்ளி மூடியதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயிலேறுவது நம் வழக்கம். சிறப்பு வகுப்பு என்ற அறிவிப்பு மலையாளத்தில் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். படித்துச் சொல்ல வேண்டிய பிள்ளையே படிக்கத் தடுமாறும் பிள்ளை. உண்மையைச் சொன்னால், தெரிந்தும் சொல்லாமல் மறைத்திருப்பான்.

மூன்று ஆண்டுப் பள்ளத்தை ஏப்ரல் மாதத்தின் சில நாட்களில் யாராலும் தூர்த்துவிட முடியாது. அந்தச் சில நாட்களையும் நாம் இழந்துவிடுகிறோம் என்பது இன்னும் கொடுமை.

நாம் செய்யும் நான்கு தவறுகள்

பள்ளியைக் குறை சொல்லுமுன் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

முதல் தவறு அடிப்பது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. மண்டன் என்று வகுப்பில் அழைப்பதும் மனத்தைப் புண்படுத்துவதே. அதைக் கேட்டு வீட்டுக்கு வந்த பிள்ளையை நாமும் அடித்தால், அவனுக்குப் போக்கிடம் எது? வயது பதின்மூன்று, பதினான்கு. அவமானம் நெஞ்சில் ஆணியாக இறங்கும் வயது. பள்ளிக்குப் போகிறேன் என்று கிளம்பி, கிழக்கேக்கோட்டை பஸ் நிலையத்தில் பொழுதைப் போக்கிவிட்டு வரும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் தவறு, காரணம் அறியாமல் ட்யூஷனுக்குப் பணம் கட்டுவது. பகலில் மலையாளத்தில் புரியாதது மாலையிலும் மலையாளத்தில் புரியாது. முதலில் எந்தச் சொல்லில், எந்தப் படியில் தடுக்குகிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் தவறு, எட்டிலோ ஒன்பதிலோ திடீரென ஊருக்கு அனுப்பித் தாத்தா பாட்டியிடம் விடுவது. சில குடும்பங்களுக்கு வேறு வழி இல்லாமல் இருக்கலாம், அவர்களைப் பழிக்கவில்லை. ஆனால் தமிழிலிருந்து மலையாளத்துக்கு ஒரு முறை ஒடிந்தவனை மறுபடி தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு ஒடிக்கிறோம். தாய் தகப்பனும் பக்கத்தில் இல்லை. சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. சிறு பிள்ளைகளை முதல் வகுப்பிலிருந்தே அங்கே சேர்க்கக்கூடியவர்கள் சேர்க்கட்டும், நல்லதே. மேல் வகுப்பில் இருக்கும் பிள்ளையை மாற்றுவதானால், அவனையும் உட்கார வைத்துப் பேசிய பிறகு மாற்றுங்கள்.

நான்காம் தவறு, வேலைக்கு அனுப்புவது. 14 வயது நிறையாத பிள்ளையைக் கூலி வேலையில் வைப்பதைச் சட்டம் தடுக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். கணக்கெழுதியவன் கணக்காகவே சொல்கிறேன்: இன்று அவன் கொண்டுவரும் கூலி நம் அடுப்புக்கு உதவும். அந்தக் கூலியை வாங்கிக்கொண்டு, நாற்பது வயதிலும் அவன் எடுபிடியாகவே நிற்க நாம் கையெழுத்துப் போடுகிறோம். ஊரை விட்டு, உறவை விட்டு நாம் இங்கே வந்தது அதற்காகவா? பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கதி இன்னும் விரைவில் வருகிறது. பாடம் ஏறவில்லை என்றதும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள் என்று வீட்டில் நிறுத்திவிடுகிறோம். அதை வேலை என்றுகூட நாம் எண்ணுவதில்லை.

நம் கையால் செய்யக் கூடியவை

ஒன்று: பரீட்சைத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. எழுதத் தெரியாத தாயும் பார்க்கலாம். பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “இந்தக் கேள்வி என்ன கேக்குது? தமிழ்ல சொல்லு” என்று கேட்டால் போதும். சொல்லத் தெரிந்து விடை தவறினால் பாடத்தில் குறை. கேள்வியையே சொல்லத் தெரியாவிட்டால் மொழியில் குறை. இந்த இரண்டையும் பிரித்தறிந்தால் பாதி வழி கடந்தாயிற்று. ஓணப் பரீட்சைத் தாளில் இதைச் செய்தால் கிறிஸ்துமஸ் பரீட்சைக்கு முன் நேரம் இருக்கும். மார்ச் மாதம் செய்தால் நேரம் இராது.

இரண்டு: கேரளத்தின் பாடநூல்கள் தமிழிலும் வருகின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பூஜப்புரையில் உள்ள எஸ்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் தமிழ் வழிப் பள்ளிகளுக்காக அவற்றைத் தயாரிக்கிறது. அதே கணக்குகள், அதே அறிவியல் பாடங்கள், தமிழில். கைபேசியிலும் இறக்கிக்கொள்ளலாம். இரண்டு புத்தகங்களையும் அருகருகே விரித்து வைத்துப் படிக்கும் பிள்ளைக்கு அதுவே ஒரு வாத்தியார்.

மூன்று: ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒரு பக்கம் மலையாளச் சொல், எதிர்ப்பக்கம் தமிழ்ச் சொல். விருத்தம் என்றால் வட்டம், வியாசம் என்றால் விட்டம், திரிகோணம் என்றால் முக்கோணம், சமவாக்கியம் என்றால் சமன்பாடு. ஒரு நாளைக்கு ஐந்து சொல். சுற்றளவு, பரப்பளவு, ஆரம் ஆகியவை இரண்டு மொழியிலும் ஒன்றே, அவற்றையும் எழுதட்டும். தனக்குத் தெரிந்ததும் அங்கே இருக்கிறது என்று கண்டால் பயம் தெளியும். சதுரம், வீதி போன்ற ஏமாற்றுச் சொற்களை மட்டும் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள்.

நான்கு: பள்ளிக்குப் போங்கள். பி.டி.ஏ. கூட்டம் என்றால் ஒருநாள் கூலி போகும் என்று தெரியும். தாயும் தகப்பனும் முறை வைத்துக்கொண்டாவது போக வேண்டும். மலையாளம் வராவிட்டால் பேசத் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். போய்ச் சண்டை போட வேண்டாம். “டீச்சர், என் பையனுக்குத் தமிழில் கேட்டால் விடை தெரிகிறது. கேள்வி புரியவில்லை. அவனை முன் பெஞ்சில் உட்கார வைத்து, புதுச் சொல்லை ஒருமுறை விளக்கிச் சொல்வீர்களா?” என்று கேளுங்கள். நாற்பது பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் ஆசிரியருக்கு இது தெரியாமலேயே இருந்திருக்கலாம். நம்ம தம்பியின் தாய் அப்படித்தான் போய்ப் பேசினார். அந்தக் கணக்கு டீச்சர் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாராம். மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் சதுரத்தையும் சமசதுரத்தையும் வரைந்து, பக்கத்தில் நம் பையனை விட்டுத் தமிழ்ப் பெயர் எழுதச் சொன்னாராம்.

ஐந்து: வகுப்பில் ‘பாண்டி’ என்று கேலி செய்கிறார்களா என்று பிள்ளையிடம் மெதுவாகக் கேளுங்கள். தானாகச் சொல்ல மாட்டான். ஒருவன் பிறந்த நாட்டின் பெயரை வசையாக்குவது அறியாமை. அதைச் சகித்துப் போ என்று சொல்லாதீர்கள், வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். அதே வகுப்பில் நம் பிள்ளைக்கு நோட்டைக் கடன் கொடுக்கும் மலையாளப் பிள்ளையும் இருப்பான். அவன் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள்.

ஆறு: எல்லாம் செய்தும் எழுத்து முன்பின்னாக வருகிறது, கரும்பலகை தெரியவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் அது மொழிக் குறை அல்ல. கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். இந்நகரில் அரசுக் கண்ணாஸ்பத்திரி இருக்கிறது. கற்பதில் தனிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு உதவச் சிறப்பு ஆசிரியர்கள் பி.ஆர்.சி. எனப்படும் வட்டார வள மையங்களில் உண்டு. பள்ளியின் வழியாகக் கேளுங்கள். ஒரு மூக்குக் கண்ணாடியால் தீரக் கூடியதைப் பிரம்பால் தீர்க்கப் பார்க்காதீர்கள்.

அரசிடம் கேட்க வேண்டியவை

வீட்டுக்கு வீடு நாம் ஓடியாடினால் மட்டும் தீருமா? தீராது. இது ஒரு பையனின் குறை அல்ல, ஓர் ஏற்பாட்டின் குறை.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழகம் சேர்ந்தன, திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகராயிற்று. எந்த எல்லையைப் போட்டாலும் இரு பக்கமும் மொழிச் சிறுபான்மையினர் இருப்பார்கள் என்பதை அறிந்தே, அதே 1956இல் ஏழாம் திருத்தத்தின் வழியே அரசமைப்பில் 350ஏ பிரிவைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்பது அது. கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும், இயன்ற அளவு தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. சலுகையாக அல்ல, உரிமையாகவே நாம் கேட்கலாம்.

கேட்க வேண்டியவை பெரியவை அல்ல. தமிழிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு மொழித் துணை வகுப்பை ஏப்ரலில் அல்ல, ஜூனில் தொடங்குங்கள். பாடச் சொற்களுக்கு மலையாளம்–தமிழ் அகராதி ஒன்றை அச்சிட்டுக் கொடுங்கள். இரண்டு மொழியிலும் புத்தகம் போடும் அரசுக்கு இது ஒரு மாத வேலை. எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளைத் தமிழிலும் அச்சிடுகிறீர்கள், எட்டிலும் ஒன்பதிலும் மலையாள வழியில் படிக்கும் நம் பிள்ளைக்கும் அந்தத் தமிழ்த் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அனுமதி கொடுங்கள். சிறப்பு வகுப்பு அறிவிப்பைப் பெற்றோருக்குத் தமிழில், பள்ளி மூடும் முன்பே தாருங்கள்.

இவை நடவாத காரியமா? எறணாகுளம் மாவட்டத்தில் 2017இல் ‘ரோஷ்னி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழி தெரிந்தவர்களைக் கொண்டே மலையாளம் கற்பித்தார்கள். எறணாகுளத்தில் முடிந்தது தலைநகரில் முடியாதா? மலேசியாவில் தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு மலாய் மொழி இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில், அம்மொழியில் தேர்ச்சி குறைந்தவர்களுக்குப் ‘புகுமுக வகுப்பு’ என்று ஓராண்டையே ஒதுக்கினார்கள். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் பாலம் வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்டது. நம் பிள்ளைகளை மட்டும் நீந்தி வா என்கிறார்கள்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாமா என்று தயங்க வேண்டாம். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டமே, தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசோடு தமிழில் எழுதித் தொடர்புகொள்ளும் உரிமையை ஏற்றுக்கொண்டது.

நம் சங்கத்தையும் கேட்கிறேன்

கடைசியாக, நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். பொங்கலுக்கு மேடை போடுகிறோம், தமிழ் வாழ்க என்று முழங்குகிறோம். மேடைக்குப் பின்னால் நாற்காலி அடுக்கும் பையனுக்குத் தமிழும் முழுதாக வரவில்லை, மலையாளமும் முழுதாக வரவில்லை. அந்த முழக்கத்தால் அவனுக்கு என்ன பயன்?

இந்த மண்ணிலேயே நமக்கு வழிகாட்டிகள் உண்டு. 1910களில் அய்யன்காளி பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். புலையர் பெண் உட்கார்ந்த பள்ளி என்று அதற்குத் தீ வைத்தார்கள். அய்யன்காளி அஞ்சவில்லை. எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று விவசாயக் கூலிகளை வேலைநிறுத்தம் செய்ய வைத்தவர் அவர். கூலிக்காக மட்டுமல்ல, பிள்ளையின் படிப்புக்காகவும் உழைப்பாளி கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம் என்று காட்டிய மண் இது. அன்று கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். இன்று கதவு திறந்திருக்கிறது, நம் பிள்ளை உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் உள்ளே நடப்பது அவனுக்குப் புரியவில்லை. அய்யன்காளி நடந்த வழியில் நாம் நடக்க வேண்டியது இன்னும் கொஞ்ச தூரம்தான்.

இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் கிராமம். பள்ளியில் தவறிய ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு டான் மிலானி என்ற பாதிரியார் அங்கே பாடம் நடத்தினார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதே அங்கு முறை. அந்த மாணவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து ஆசிரியைக்கு எழுதிய கடிதம் 1967இல் புத்தகமாக வந்து உலகம் முழுதும் பேசப்பட்டது. அவர்களுக்குப் பெரிய கட்டடம் இல்லை, பெரிய பணமும் இல்லை.

நமக்கும் வேண்டாம். நம் படிப்பகத்தில் இரண்டு பெஞ்சு இருக்கிறது, விளக்கு இருக்கிறது. இங்கேயே பிறந்து கல்லூரி வரை வந்த தமிழ்ப் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு மொழியும் தெரியும். வாரத்தில் மூன்று மாலை, ஆளுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும். சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே எழுதிய ஆ. மாதவனை எண்ணிப் பாருங்கள். பள்ளியில் படித்தது மலையாளம், தமிழைத் தம் முயற்சியால் கற்றார். அவர் எழுத்துக்கு 2015இல் சாகித்திய அகாதமி விருது வந்தது. அந்த ஆற்றைக் கடக்க முடியும். கடக்கிற வரையில் கரையில் ஒருவர் விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

நம்ம தம்பி என்ன ஆனான் என்று கேட்பீர்கள். முதல் மாணவனாக வந்துவிட்டான் என்று கதை சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸ் பரீட்சையில் கணக்கில் 30 விழுக்காட்டைத் தாண்டிவிட்டான். அறிவியலில் எல்லையைத் தொட்டான். சமூக அறிவியலில் இன்னும் கீழேதான் இருக்கிறான், அதில் எழுத வேண்டியது அதிகம். ஆனால் கடையில் சேர்க்கும் பேச்சு வீட்டில் நின்றுவிட்டது. அவன் நோட்டில் இப்போது முந்நூறு சொற்களுக்கு மேல் இருக்கின்றன. சென்ற வாரம் ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு செங்கோட்டைப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, சிவப்பு மையில் எழுதிய பக்கத்தை முதலில் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தோழர்களே, வரும் ஞாயிறு மாலை உங்கள் பிள்ளையையும் அவன் பரீட்சைத் தாளையும் எடுத்துக்கொண்டு படிப்பகத்துக்கு வாருங்கள். மதிப்பெண் எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டோம். எந்தச் சொல் புரியவில்லை என்று மட்டும் கேட்போம்.